கிரீடத்தின் மேல் உட்கார்ந்திருப்பவர்

மூன்று வருடத்துக்கு முன்பு வேலை விஷயமாக ஐரோப்பாவில் ஒரு ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்தன, மழை வேறு. ஒதுங்கப் போன இடத்தில் பழைய புகைப்படங்களின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. எகிப்துப் படங்கள், பெரும்பாலும் 1850-களில் எடுத்தவை. ஒவ்வொன்றும் நோட்டுப் பக்கம் அளவுதான் இருக்கும். பழைய போட்டோ என்றதும் மனதில் வருகிற பழுப்பு நிறம் இல்லை, ஈரச் சிலேட்டின் சாம்பல் நிறம். அதில் ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். மணல் சரிவு. அதற்குள்ளிருந்து ஒரு ராஜாவின் பிரம்மாண்டமான தலை எழும்பியிருக்கிறது. மூடிய உதடுகள், தோளில் இறங்கும் தலைத்துணி, நெற்றியில் நாகம், எல்லாவற்றுக்கும் மேலே இரட்டைக் கிரீடம். கீழே ஒட்டியிருந்த சீட்டில் அபு சிம்பெல், 1850, எடுத்தவர் மாக்சிம் து காம் என்று இருந்தது. அதற்கு அடுத்து ஒரு வரி. அளவு தெரிவதற்காக உள்ளூர்க்காரர் ஒருவரும் படத்தில் இருக்கிறார்.

ஆளா? எங்கே? மறுபடி படத்துக்குப் போனேன். ராஜாவின் கிரீடத்து உச்சியில், முதலில் பார்த்தபோது உடைந்த கல் என்று நினைத்து நகர்ந்த இடத்தில், ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். என் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்க மாட்டார். அவரைப் பார்த்த பிறகுதான் அந்தத் தலை எத்தனை பெரியது என்பது உடம்பில் உறைத்தது.

அன்றிரவு விடுதிக்குத் திரும்பி, அந்தப் படத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்த "உள்ளூர்க்காரர் ஒருவர்" என்ற சொல் அதன் பிறகுதான் முள்ளாகத் தைக்க ஆரம்பித்தது. ஏனென்றால் அவருக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் தொலைந்தும் போகவில்லை. படம் எடுத்தவரே தன் பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். ஹாஜி இஸ்மாயில். நூபியர், அதாவது எகிப்தின் தெற்கிலும் சூடானின் வடக்கிலும் நைல் கரையில் வாழ்ந்த ஜனத்தைச் சேர்ந்தவர். து காம் போன படகின் மாலுமி.

அசையாமல் இரு

இந்த விஷயம் என்னை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் எங்கள் ஊர் ஸ்டூடியோ ஒன்றில் உதவிக்கு இருந்தேன். கல்யாண வீடுகளுக்கு அண்ணாச்சி போகும்போது பையையும் லைட்டையும் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். பொண்ணும் மாப்பிள்ளையும் வருவதற்கு முன்னால் மணமேடையில் அவர்கள் இடத்தில் நான் போய் உட்கார வேண்டும். "ஏல, அசையாம இரு" என்பார். என் மேல் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார், தூரம் சரிசெய்வார், சில சமயம் ரோலின் முதல் பிரேமில் என்னையே எடுத்துவிடுவார். அந்த பிரேமை யாரும் பிரிண்ட் போட மாட்டார்கள். ஆல்பத்துக்கு அதனால் என்ன பிரயோஜனம்? ஒருநாள் நெகடிவைக் கத்தரித்து உறையில் போடும்போது அப்படி ஒரு துண்டு கீழே விழுந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். முகம் இருட்டாகவும் முடி வெளுப்பாகவும், மாலை போட வேண்டிய இடத்தில் நான். அண்ணாச்சி மேல் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. தொழில் அப்படி. ஆனால் கிரீடத்தின் மேல் இருந்தவரைப் பார்த்த நொடியில் எனக்கு அந்த மணமேடைதான் ஞாபகம் வந்தது. முக்கியமானவருக்காக வைக்கப்பட்ட கேமராவுக்கு முன்னால், முக்கியமில்லாத ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

புகைப்படக் கலைக்கும் எகிப்துக்கும் உள்ள உறவு, அந்தக் கலை பிறந்த அன்றே தொடங்கிவிட்டது. 1839 ஜூலையில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் விஞ்ஞானி அரகோ, டாகரோடைப் என்ற புதுக் கண்டுபிடிப்பை அரசு விலைக்கு வாங்க வேண்டும் என்று பேசினார். அவர் எடுத்துக்காட்டியது எகிப்தை. தீப்ஸ், மெம்ஃபிஸ், கர்னாக் கோயில்களின் சுவர்களில் இருக்கும் லட்சக்கணக்கான சித்திர எழுத்துகளைக் கையால் வரைந்து எடுக்கப் பெரும் ஓவியர் கூட்டமும் பல பத்து வருடங்களும் வேண்டும், இந்தக் கருவியை வைத்துக்கொண்டு ஒரே ஆள் அதைச் செய்துவிடலாம் என்பது அவர் வாதம். ஷாம்போலியன் அந்த எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்து அப்போது பதினேழு வருடம்தான் ஆகியிருந்தது. ஆகஸ்டில் செய்முறை வெளியானது. நவம்பரில் வெர்னே, குபில் ஃபெஸ்கே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அலெக்சாண்டிரியாவில், அப்போது எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷாவின் அரண்மனை முன்னால் கருவியை நிறுத்திவிட்டார்கள். அதாவது மூன்று மாதத்துக்குள்.

டாகரோடைப்பில் ஒரு குறை. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் விழுவது ஒரே ஒரு படம், அதற்குப் பிரதி கிடையாது. து காம் 1849-ல் கிளம்பியபோது காகித நெகடிவ் வந்திருந்தது. ஒரு நெகடிவிலிருந்து வேண்டிய அளவு பிரிண்ட் போடலாம். அவருக்கு அப்போது வயது 27. கூட வந்தவர் நண்பர் குஸ்தாவ் ஃப்ளோபேர், நாவலாசிரியராக அவர் பெயர் இன்னும் வெளியே வராத காலம். து காமுக்கு அரசின் கல்வி அமைச்சகம் கொடுத்த வேலை, நினைவுச் சின்னங்களையும் கல்வெட்டுகளையும் பதிவுசெய்துவருவது. போட்டோ எடுக்க முடியாத எழுத்துகளை ஈரக் காகிதத்தைச் சுவரில் ஒட்டி அழுத்திப் பிரதி எடுத்தார்கள். நம் கல்வெட்டுக்காரர்கள் மைப்படி எடுப்பார்களே, அதேபோல, மை மட்டும் இல்லாமல்.

அந்த வேலையின் பாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். நல்ல எழுதுகாகிதத்தை ரசாயனத்தில் ஊறவைத்து, வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைக்க வேண்டும். நூபிய வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? லென்ஸ் மூடியை எடுத்தால் ஒரு நிமிடம், சில சமயம் இரண்டு நிமிடம் திறந்தே இருக்க வேண்டும். கல் அசையாது, கவலையில்லை. மனிதர்தான் பிரச்சினை. அதனால்தான் அந்தக் காலத்துப் படங்களில் தெருக்கள் காலியாக இருக்கின்றன. நடந்துபோனவர்கள் இருந்தார்கள், ஆனால் படத்தில் விழவில்லை. காகிதத்தின் நார் வேறு ஒவ்வொரு விளிம்பையும் கொஞ்சம் மங்கடிக்கும். அரகோ ஆசைப்பட்ட சித்திர எழுத்துகள் பல படங்களில் ஊறிப்போன அவல் மாதிரி பொதபொதவென்றுதான் தெரிகின்றன. வானம் ஒரே வெளுப்பு. அந்த ரசாயனம் நீலத்தை வெள்ளையாகத்தான் பார்த்தது.

இப்போது ஹாஜி இஸ்மாயிலுக்கு வருகிறேன். எந்தச் சின்னத்துக்குப் போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போய், மேலே ஏறச் சொல்லி நிறுத்துவாராம் து காம். ஒரே ஆள் எல்லாப் படத்திலும் இருந்தால் ஒரே அளவுகோலாக இருக்கும் என்பது அவர் கணக்கு. ஆனால் இரண்டு நிமிடம் சிலையாக நிற்கச் சொன்னால் யாரால் முடியும்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கேமராவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைக் குழாயைக் காட்டி, அது பீரங்கி, அசைந்தால் குண்டு மழை பொழியும் என்று சொல்லிவிட்டார். இஸ்மாயில் அசையவே இல்லை. இந்த மக்கள் எவ்வளவு வெகுளிகள் பாருங்கள் என்று தன் வாசகர்களுக்குச் சந்தோஷமாக எழுதுகிறார் து காம்.

அந்தப் பத்தியை முதலில் படித்தபோது எனக்கு வந்தது கோபம். அப்புறம் நிதானமாக மறுபடி படித்தேன். வெகுளித்தனம் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 1820-ல் முகமது அலியின் படை நூபியாவைக் கடந்து சூடானுக்குள் போனது பீரங்கிகளோடுதான். அதற்கடுத்த வருடங்களில் எகிப்து முழுவதும் கிராமம் கிராமமாகப் படைக்கு ஆள் பிடித்தார்கள். பிடிபடாமல் இருக்க விவசாயிகள் துப்பாக்கிக் குதிரையை இழுக்கும் ஆள்காட்டி விரலை வெட்டிக்கொண்டார்கள், ஒரு கண்ணைக் கெடுத்துக்கொண்டார்கள். அப்படிச் செய்தவர்களைச் சேர்த்துத் தனிப் படைப்பிரிவே அமைத்தார் பாஷா. ஹாஜி இஸ்மாயிலுக்கு ஒரு கண் இல்லை. எப்படிப் போனது என்று யாரும் எழுதவில்லை. ஆனால் அந்த ஆற்றங்கரையில் வளர்ந்து நடுவயதுக்கு வந்த ஒருவரிடம், வெளியூரிலிருந்து அரசாங்கத்தின் அனுமதிச் சீட்டோடு வந்து இறங்கிய ஒருவர் பித்தளைக் குழாயைத் திருப்பிப் பீரங்கி என்றால், நம்பாமல் என்ன செய்வார்?

அந்தப் பத்தியில் இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பொக்கிஷம். தெந்தேரா கோயிலில் படம் எடுத்துவிட்டுப் படகுக்குத் திரும்பும்போது, படகுத் தலைவர் ரயிஸ் இப்ராஹிமும் இஸ்மாயிலும் பேசிக்கொண்டதை து காம் ஒட்டுக்கேட்டு எழுதியிருக்கிறார். என்ன சேதி என்று கேட்கிறார் தலைவர். ஒன்றுமில்லை என்கிறார் இஸ்மாயில். அந்த ஒல்லி மனிதர் என்னை ஒரு தூண் மேல் ஏறச் சொன்னார், அதில் விக்கிரகத்தின் பெரிய முகம் இருந்தது, அவர் தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு மஞ்சள் பீரங்கியை என் பக்கம் திருப்பினார், அசையாதே என்று கத்தினார், பீரங்கி தன் சின்னப் பளபளக்கும் கண்ணால் என்னைப் பார்த்தது, நான் அசையவில்லை, அது என்னைக் கொல்லவில்லை. இவ்வளவுதான். ஆண்டவன் பெரியவன் என்று முடிக்கிறார் தலைவர்.

எகிப்தியப் பழஞ்சின்னங்களின் முதல் புகைப்படங்களைப் பற்றி எத்தனையோ படித்துவிட்டேன். ரசாயனம், லென்ஸ், அச்சு, கலைநயம் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் எழுதியவை அவை. கேமராவின் கண் என்னைப் பார்த்தது என்று எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்கிற குரலாக நான் கண்டது இது ஒன்றைத்தான். எழுதியவர் சிரிப்பதற்காகத்தான் எழுதினார். ஆனாலும் எழுதினாரே, அந்த மட்டில் நல்லது.

முழங்காலுக்கு மேல் யாருக்கும் இடமில்லை

அந்தக் கிரீடம் எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தால்தான் அங்கே ஒருவர் உட்கார்ந்ததன் கனம் புரியும். எகிப்திய ராஜாவின் உருவத்தில் அலங்காரத்துக்கென்று ஒன்றுமே கிடையாது, எல்லாமே வாசிக்க வேண்டியவை. வெள்ளைக் கிரீடம் தெற்கே மேல் எகிப்துக்கு, சிவப்புக் கிரீடம் வடக்கே கீழ் எகிப்துக்கு. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி வைத்தால் இரண்டு நாட்டுக்கும் அதிபதி. நெற்றியில் படமெடுக்கும் நாகம் வட்ஜெத் என்ற தெய்வம், ராஜாவின் எதிரிகள் மேல் தீ உமிழ்பவள். தாடையில் கட்டிய தாடி அவரைத் தெய்வங்களோடு சேர்த்துவைக்கும். கல்லில் செதுக்கிய ராஜாவின் பெயரைச் சுற்றி ஒரு கயிற்று வளையம் இருக்கும். சூரியன் சுற்றிவரும் உலகம் பூராவும் அந்தப் பெயருக்குள் அடக்கம் என்று அதற்கு அர்த்தம்.

அபு சிம்பெல் கோயிலின் முகப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், வாசலுக்கு நேர் மேலே மாடத்தில் நிற்கும் பருந்துத் தலைச் சூரியன், ரா ஹோராக்தி. ஒரு கைக்கருகில் நரித்தலைக் கோல், அது 'உசர்', வலிமை. இன்னொரு கைக்கருகில் மா'அத், அறத்தின் தேவி. நடுவே ரா. மூன்றையும் சேர்த்து வாசித்தால் உசர்மா'அத்ரா, அது இரண்டாம் ராம்செஸின் பட்டப்பெயர். சாமி சிலை என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது, தான் ராஜாவின் கையெழுத்தைப் பார்க்கிறோம் என்று. இருபுறமும் ராஜாவே அந்த மாடத்தை நோக்கிக் கை உயர்த்தி வணங்குவதாகச் செதுக்கியிருக்கிறார்கள். தன் பெயரைத் தானே கும்பிடுகிறார்.

அப்புறம் அளவு. இருபது மீட்டர் உயரத்தில் நான்கு ராம்செஸ்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். காது மட்டுமே ஒரு மீட்டருக்கு மேல். கால்களுக்கு இடையிலும் பக்கத்திலும் பட்டத்தரசி நெஃபர்தாரி, தாயார் துயா, பிள்ளைகள் எல்லாரும் நிற்கிறார்கள். யாருமே ராஜாவின் முழங்காலைத் தாண்டவில்லை. அருகில் இருப்பதாலோ தூரத்தில் இருப்பதாலோ வந்த சிறுமை இல்லை அது. எகிப்தியச் சிற்பியின் இலக்கணத்தில் உருவத்தின் அளவு என்பது அந்தஸ்து. பெற்ற தாயாக இருந்தாலும் முழங்கால் வரைதான்.

இங்கேதான் அந்தப் பழைய புகைப்படக்காரர் செய்த காரியம் ஆச்சரியமாகத் தெரிகிறது. அவருக்கு வேண்டியது அந்தஸ்து இல்லை, மீட்டர் கணக்கு. அதற்கு அவர் எடுத்துக்கொண்டதும் ஒரு மனித உடம்பைத்தான். யோசித்துப் பார்த்தால் ராம்செஸின் கொத்தர்களும் அதைத்தான் செய்தார்கள். அவர்களுடைய அளவு முழம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, ஏழு உள்ளங்கை, இருபத்தெட்டு விரல், சுமார் 52 சென்டிமீட்டர். ராஜ முழம் என்று பெயர், எழுதுவதற்கே ஒரு கையின் படத்தைத்தான் போட்டார்கள். பூக்கடையில் இன்றைக்கும் கையை நீட்டி முழம் போடுகிற ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மனிதக் கையால் அளந்து அளந்து உண்டாக்கிய ராஜாவை, மூவாயிரம் வருடம் கழித்து மறுபடி ஒரு மனிதரை ஏற்றி அளந்திருக்கிறார்கள்.

தெந்தேராவில் அவர் ஏறியதாகச் சொன்ன அந்த விக்கிரக முகமும் ராஜ சின்னம்தான். பசுவின் காதுகளோடு தூண் உச்சியில் நான்கு திசையும் பார்க்கும் ஹாதோர். அந்தப் பெயருக்கே ஹோரஸின் வீடு என்று அர்த்தம். ஹோரஸ் என்றால் பருந்துக் கடவுள், உயிரோடு ஆளும் ஒவ்வொரு ராஜாவும் ஹோரஸ்தான். இஸ்மாயில் கேமராவுக்காகப் போய் நின்ற இடங்களெல்லாம் இப்படிப்பட்டவை.

வாசலில்

போன வருடம் பிப்ரவரியில் அபு சிம்பெல் போனேன். அஸ்வானிலிருந்து விடியுமுன் வேனில் கிளம்பி, முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பாலைவனச் சாலை. போனது என்னவோ இஸ்மாயில் உட்கார்ந்த கிரீடத்தைப் பார்க்க. மணல் இப்போது இல்லை, எல்லாம் முழு உயரத்துக்குத் துப்புரவாக இருக்கிறது. கிரீடத்தைப் பார்க்கக் கழுத்து வலித்தது. நான்கில் ஒரு ராம்செஸுக்கு இடுப்புக்கு மேல் இல்லை, பழங்கால நிலநடுக்கத்தில் விழுந்த தலை காலடியிலேயே கிடக்கிறது. கூட்டத்தோடு கூட்டமாக வாசலை நோக்கி நடந்தேன்.

உள்ளே நுழையும் இடத்தில் இருபக்கமும் சிம்மாசனங்களின் பக்கவாட்டுச் சுவர் இருக்கிறது. அங்கே, என் மார்பு உயரத்தில், தெற்குப் பக்கம், ஒரு வரிசை மனிதர்கள். மண்டியிட்டிருக்கிறார்கள். முழங்கைகள் முதுகுக்குப் பின்னால் சேர்த்துக் கட்டியிருக்கின்றன. ஒரே கயிறு கழுத்திலிருந்து கழுத்துக்குப் போகிறது. தடித்த உதடு, காதில் வளையம், குட்டை முடி. சிற்பி நிஜ ஆட்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும், ஒவ்வொரு தாடை எலும்பும் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. எதிரே வடக்குப் பக்கம் ஆசியக் கைதிகள், தாடியோடு. தெற்கே இருப்பவர்கள் நூபியர்கள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். இந்தக் கோயில் எங்கே இருக்கிறது என்பதை அதுவரை நான் ஒரு வரைபடத் தகவலாகத்தான் வைத்திருந்தேன். இது நூபியா. நைலில் தெற்கிலிருந்து படகில் வரும் நூபியர்கள் யார் தங்கள் எஜமான் என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளத்தான் மலையைக் குடைந்து இதைச் செய்தார்கள். ராஜாவின் காலுக்கடியில் எதிரி என்பது அந்த அரசாட்சியின் மிகப் பழைய படம். எகிப்தின் முதல் ராஜாக்களில் ஒருவரான நார்மரின் கல் பலகையில், ஐயாயிரம் வருடத்துக்கு முன்னால், ராஜா எதிரியின் முடியைப் பிடித்துக்கொண்டு கதாயுதத்தை ஓங்குவதாக வருவதும் அதுதான். துத்தன்காமுனின் செருப்பில் காலடி படும் இடத்தில் கட்டுண்ட நூபியரும் ஆசியரும் இருக்கிறார்கள், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் மிதிபட. இந்த வாசலிலும் அதே ஏற்பாடு. மேலே கிரீடம், கீழே நூபியர். நடுவில் இருபது மீட்டர் கல்.

1850 மார்ச் மாதக் கடைசியில், அதே கிரீடங்களில் ஒன்றின் உச்சியில், ஒரு நூபியர் உட்கார்ந்திருந்தார்.

அவர் ஆசைப்பட்டு ஏறவில்லை. பயமுறுத்தி உட்காரவைக்கப்பட்டவர்தான். கைதியை அடக்கிய கயிறு போல ஒரு பொய் அவரைக் கட்டிப்போட்டிருந்தது, அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் நாகத்துக்கும் தெய்வத்துக்கும் மட்டுமே என்று ஒதுக்கிய இடத்தில், அந்த ராஜா கயிற்றில் கட்டிவைத்த ஜனத்தின் ஒருவர், காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் இருந்தது நடந்த சங்கதி. அதைப் பதிவுசெய்யும் எண்ணம் து காமுக்குத் துளியும் கிடையாது. வெள்ளி நைட்ரேட் பதிவுசெய்துவிட்டது. அரசர்களின் சின்னங்களை உலகுக்குக் காட்டுவதற்காக எடுத்த அந்த 125 படங்கள் 1852-ல் புத்தகமாக வந்தபோது, அபு சிம்பெலின் அந்தப் பக்கம், சிற்பிகள் மூவாயிரம் வருடம் காத்துவந்த வரிசையைத் தலைகீழாக்கி அச்சானது. ராஜா எவ்வளவு பெரியவர் என்று சொல்ல அந்தப் பக்கத்துக்கு இஸ்மாயில் வேண்டியிருந்தது.

தூக்கிக்கொண்டு போனதும் விட்டுப்போனதும்

அந்தக் காலத்துப் படங்களின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அர்மந்தில் ஒரு சின்னக் கோயில் இருந்தது. ஏழாம் கிளியோபாட்ரா தன் மகன் சிசேரியனுக்காகக் கட்டிய பிறப்பு மண்டபம், குழந்தைத் தெய்வத்தின் பிறப்பையும் மகனின் பிறப்பையும் ஒன்றாக்கிச் சுவரெல்லாம் செதுக்கியிருந்தார்கள். 1860-களின் தொடக்கத்தில் சர்க்கரை ஆலை கட்டக் கல் வேண்டும் என்று அதை உடைத்துவிட்டார்கள். தெய்னார், ஃப்ரித் போன்றவர்கள் அதற்கு முன்னால் எடுத்த படங்கள் இருப்பதால்தான் அந்தத் தூண்களின் ஒயில் நமக்குத் தெரிகிறது. ஜான் பீஸ்லி கிரீன் என்ற இளைஞர், அமெரிக்கப் பெற்றோருக்குப் பிரான்ஸில் பிறந்தவர், சித்திர எழுத்துப் படித்தவர், மெதினெத் ஹாபுவில் தானே அகழ்வாய்வும் செய்து கேமராவும் பிடித்தார். 1856-ல் இறந்தபோது வயது 24. அவருடைய படங்களில் மணலும் ஆறும்தான் நிறைய, சின்னங்கள் தூரத்தில் ஒரு கோடாகக் கிடக்கும். து காமைவிட அவர் எனக்குப் பெரிய கலைஞர். ஆனால் அவருடைய படங்களில் மனிதரைத் தேடினால் கண் களைத்துப்போகும். து காமோ, பயணத்தின் கடைசியில் பெய்ரூட்டில் கேமராவைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குத் திவான் என்கிற சாய்வு இருக்கை மேல் விரிக்கச் சரிகைத் துணி வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கலைப் பக்கமே திரும்பவில்லை.

அபு சிம்பெல் இப்போது இருக்கும் இடமும் இஸ்மாயில் ஏறிய இடம் இல்லை. அஸ்வான் உயர் அணையின் நீர் மூடிவிடும் என்று 1964-லிருந்து 1968 வரை யுனெஸ்கோ முயற்சியில் கோயிலை அறுத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளாக்கி, 65 மீட்டர் உயரத்தில் திரும்ப அடுக்கினார்கள். கைதிகளின் வரிசையும் கூடவே ஏறியது. ராஜாவின் முகத்தில் அறுத்த கோடு தெரியாதபடி அவ்வளவு பொறுப்பாகச் செய்திருக்கிறார்கள், கைகூப்ப வேண்டிய உழைப்பு. அதே நீருக்காக எகிப்திலும் சூடானிலும் சேர்த்து ஏறக்குறைய ஒரு லட்சம் நூபியர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். எகிப்துப் பக்கத்தவர்களை வடக்கே கோம் ஓம்போ அருகே கொண்டுபோய்விட்டார்கள். ஆற்றங்கரை ஜனத்துக்கு ஆறு கண்ணில் படாத இடம்.

நான் தங்கிய விடுதியை நடத்துகிற பெரியவரின் அம்மா அப்படிப் போனவர். இவர் வளர்ந்தபின் திரும்பி வந்து ஏரிக்கரையில் வீடு கட்டிக்கொண்டார். சாயங்காலம் செம்பருத்தி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். காலையில் பார்த்ததைச் சொல்லி, போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். ராஜாவின் தலையைப் பார்த்துத் தலையாட்டினார், எத்தனையோ தடவை பார்த்த முகம். கிரீடத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கண்ணாடியை எடுத்துவந்து மாட்டினார். பெயரைச் சொன்னேன். பீரங்கிக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "ஹாஜி" என்று மட்டும் சொன்னார். பிறகு எனக்கு விளக்கினார். ஹாஜி என்றால் மெக்கா போய்வந்தவர். அந்தக் காலத்தில் நூபியாவிலிருந்து ஆற்றையும் பாலைவனத்தையும் செங்கடலையும் தாண்டிப் போய்த் திரும்பிவந்த ஒருவர். அந்தப் பிரெஞ்சுக்காரரைவிட வயதிலும் பெரியவராக இருந்திருப்பார் என்றார். இத்தனை நாள் நான் அந்தச் சொல்லைப் பெயரின் முதல் பாதியாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

படத்தை அனுப்பச் சொன்னார், வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூடவே அரபியில் பெயரை அவரே என் போனில் எழுதிக்காட்டினார், வலமிருந்து இடமாக, விரல் நடுங்காமல்.

ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்துப் பெருநாள் வாழ்த்து அனுப்பியிருந்தார். முகப்புப் படத்தை மாற்றியிருந்தார். தொட்டுப் பெரிதாக்கினேன். ராம்செஸ் இல்லை. நாகம் இல்லை. கிரீடத்தின் விளிம்பு மட்டும் ஒரு பாறைத் திட்டு மாதிரி கீழே கொஞ்சம் தெரிகிறது. அதன் மேல், காகித நாரின் புள்ளிகளுக்கு நடுவே, வெளுத்த வானத்துக்கு எதிராக, ஹாஜி இஸ்மாயில் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சமும் அசையவில்லை.